காயம் பட்ட கம்பியில் கூடுதல் மின்சாரம்

சென்ற மழைக்காலத்தில் அம்மாவுக்கு முதுகுத்தண்டில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு சொல்லி, சீட்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, அம்மாவைக் கைத்தாங்கலாக ஆறு மாடி இறக்கி டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே போனால், "இன்றைக்கு எடுக்க முடியாது. மெஷினில் ஹீலியம் இறங்கிவிட்டது. எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்ஸிக் காசும் போயிற்று, ஒரு நாள் சம்பளமும் போயிற்று. அம்மாவோ வழியெல்லாம், "ஏன்டா, பலூனுக்கு அடைக்கிற காத்துதானே ஹீலியம்? அது இல்லாம படம் எடுக்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் தேறாமல் படிப்பை விட்டவன் நான். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. இந்த இதழைப் படிக்கிற உங்களில் பலரைப் போலவே, 2021-க்குப் பிறகு ஊரையும் வீட்டையும் விட்டு வந்து இந்தப் பபேடான் சந்துகளில் ஒண்டிக்கொண்டவன். ஆனால் கம்பி, மின்சாரம் என்று எதாவது காதில் விழுந்தால் விட மாட்டேன். எங்களுக்கு மேல்மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். முன்பு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர். தெருவே அவரை ஸயாமா என்றுதான் கூப்பிடும். அன்று இரவு மின்சாரம் போன நேரத்தில் மகளைக் கூட்டிவரப் போனவன், அம்மாவின் கேள்வியை அப்படியே அவரிடம் கேட்டேன். அந்தப் பேச்சு நாலைந்து வாரம் நீண்டது. அதில் நான் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"தம்பி, அந்த மெஷினே ஒரு பெரிய காயில்தான். நீ சுற்றுகிறாயே, அதே மாதிரி" என்று ஆரம்பித்தார் அக்கா. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் நம்மைப் படுக்க வைக்கிற குழாயைச் சுற்றி நயோபியம், டைட்டானியம் என்ற இரண்டு உலோகங்கள் கலந்த கம்பி மைல் கணக்கில் சுற்றியிருக்கிறது. அதைத் திரவ ஹீலியத்தில் மூழ்க வைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர வைத்தால் அந்தக் கம்பியில் மின்தடை என்பதே இல்லாமல் போகிறது. ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றிவிட்டால், கனெக்ஷனை எடுத்த பிறகும் வருஷக்கணக்கில் அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. வார்னிஷ் கருகிய நாற்றத்தோடு தினம் நாலு மோட்டார் எங்களிடம் வருகிறது. கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு வரும், சூடு வந்தால் எரியும் என்பதுதான் நான் அறிந்த உலகம். சூடே இல்லாத காயில் என்றால் எப்படி நம்புவது?

ஆனால் இது நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சங்கதி. 1911-ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஒன்னஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர வைத்தபோது அதன் மின்தடை திடீரென்று காணாமல் போயிற்று. இந்த வகைப் பொருள்களுக்கு மீக்கடத்தி என்று பெயர். இனிமேல் மகா பலமான காந்தம் செய்துவிடலாம் என்று ஒன்னஸ் ஆசைப்பட்டு ஈயக் கம்பியில் காயில் சுற்றிப் பார்த்தார். சில நூறு காஸ் அளவுள்ள சின்னக் காந்தப் புலம் வந்ததுமே ஈயம் பழையபடி சாதாரண ஈயமாகிவிட்டது. குளிர் போதாமல் போனாலும், காந்தப் புலம் கூடினாலும், மின்சாரம் அளவுக்கு மேல் போனாலும் மீக்கடத்தி தன் குணத்தை இழந்துவிடும். இந்த மூன்று எல்லைகளுக்குள் நின்றுதான் அன்று முதல் இன்று வரை எல்லா வேலையும் நடக்கிறது.

ஹீலியம் பூமிக்கு அடியில் இயற்கை வாயுவோடு சில நாடுகளில் மட்டுமே தோண்டி எடுக்கக் கிடைப்பது. விலை அதிகம். மெஷினில் அதைத் திரும்பத் திரும்பக் குளிர வைக்க ஒரு கம்ப்ரஸர் ஓயாமல் ஓட வேண்டும். மின்சாரம் நின்று கம்ப்ரஸரும் நின்றால் ஹீலியம் கொதித்து ஆவியாகப் போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் இந்த மெஷினைக் கட்டி மேய்ப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

இங்கேதான் 1986 வருகிறது. அந்த வருஷம் சுவிட்சர்லாந்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பெட்நார்ஸ், முல்லர் என்ற இருவர், லாந்தனமும் பேரியமும் செம்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு பீங்கான் வகைப் பொருள் அதுவரை தெரிந்த எந்த மீக்கடத்தியையும்விடக் கூடுதல் வெப்ப நிலையில் மின்தடையை இழப்பதைக் கண்டார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு. அதே 1987-ல் அமெரிக்காவில் பால் சூ, எம். கே. வூ ஆகியோரின் குழுக்கள் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தைப் போட்டுப் பார்த்தன. பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரியிலேயே வேலை செய்தது. அதுவும் பயங்கரக் குளிர்தானே என்று கேட்பீர்கள். ஆனால் திரவ நைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. நைட்ரஜன் நாம் சுவாசிக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு இருப்பது. ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் புகை கிளம்புகிற ஒரு கேன் கொண்டுவருவாரே, அதில் இருப்பதும் இதுதான். ஹீலியத்துக்குப் பதிலாக அந்தக் கேன் போதும் என்றால் உலகமே மாறிவிடும் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் சங்கடம், அது பீங்கான். கம்பியாக வளைத்தால் டீக்கடைக் கோப்பை மாதிரி உடையும். இரண்டாவது சங்கடம் இன்னும் மோசம். தடையில்லாமல் ஓடுகிறது என்று பெயர்தானே தவிர, காந்தப் புலம் இருக்கும் இடத்தில் அதில் ஓட்டக்கூடிய மின்சாரம் சொற்பம். காந்தத்துக்கு உதவாத மீக்கடத்தியை வைத்து என்ன செய்வது?

இதற்குக் காரணத்தை அப்ரிகோசோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1957-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 2003-ல்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காந்தப் புலம் இந்த வகை மீக்கடத்திக்குள் நுழையும்போது மொத்தமாக நுழைவதில்லை. மெல்லிய நூல் நூலாக நுழைகிறது. ஒவ்வொரு நூலைச் சுற்றியும் ஆற்றுச் சுழி போல ஒரு குட்டி மின்சாரச் சுழல். நூலின் நடுப்பகுதியின் கனம் மூன்று நாலு நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

இப்போது கம்பியில் மின்சாரம் ஓட்டினால் என்ன ஆகும்? மின்சாரமும் காந்தமும் சந்தித்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளுவிசை பிறக்கும். அதுதான் மோட்டாரைச் சுற்ற வைக்கிறது. எனக்குச் சோறு போடுகிற விசை. அதே விசை இந்தக் காந்தச் சுழிகளைத் தள்ளுகிறது. சுழி நகர்ந்தால் அங்கே மின்தடை பிறக்கும், சூடு வரும், காரியம் கெடும். நல்ல சுத்தமான, மாசு மறுவற்ற படிகமாக இருந்தால் சுழியைத் தடுக்க உள்ளே எதுவுமே இருக்காது. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் புதிய பீங்கான்களில் குளிர் குறைவு என்பதால் சுழிகளின் துள்ளலும் அதிகம்.

அக்கா இதை விளக்க பான்சோடான் துறையைச் சொன்னார். டலாவுக்குப் போகிற சம்பான் படகுகளைக் கரையில் கட்டாமல் விட்டால் ஆற்று நீர் இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீருக்குள் கழி நட்டுக் கட்டினால் நிற்கும். கழிக்கு நடுவே ஆறு தடையில்லாமல் ஓடும். சுழிதான் சம்பான், மின்சாரம்தான் ஆறு. கழி எங்கே? படிகத்துக்குள் இருக்கிற குறைகள்தான் கழி. அணு ஒன்று இடம் தவறியிருக்கிற பள்ளம், அன்னியத் துகள், சிதைந்த ஒரு புள்ளி, இப்படி. காந்தச் சுழி அந்தப் பழுதான இடத்தில் போய் உட்கார்ந்தால் அதற்குச் சிரமம் குறைவு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாது. ஆக, கூடுதல் மின்சாரம் ஓட வேண்டுமானால் படிகத்தை வேண்டுமென்றே பழுதாக்க வேண்டும்.

"பழுதாக்கினால் பலமா? என்ன அக்கா இது!" என்றேன்.

"நீ எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் தம்பி?" என்று சிரித்தார். பர்மிய மொழியில் பன்பெ என்றால் கொல்லர், டான் என்றால் வரிசை. பபேடான் என்ற பெயரே கொல்லர் வரிசை என்பதுதான். கொல்லன் இரும்பைத் தட்டத் தட்ட அது இறுகுவதற்கும் காரணம் இதுவே. அடியில் உள்ளே ஏற்படும் கோணல்கள் ஒன்றையொன்று நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. புதுச் செப்புக் கம்பி கையில் நூல் மாதிரி வளையும். நாலு தடவை வளைத்து நிமிர்த்தினால் விறைத்துவிடும். நெருப்பில் காய்ச்சினால் மறுபடி இளகும். தினம் செய்கிற காரியம், காரணம் இப்போதுதான் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. மெஷினின் கம்பியையும் தயாரிக்கும்போது இழுப்பதும் காய்ச்சுவதுமாக மாறி மாறிச் செய்து உள்ளே டைட்டானியத் துகள்களைப் படிய வைக்கிறார்கள். அவைதான் அங்கே கழி.

பீங்கானைச் சுத்தியலால் அடிக்க முடியாது. ஆகவே அணுவால் அடித்தார்கள்.

1989-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் டோவர் குழுவினர் இட்ரியம் பீங்கானின் தனிப் படிகங்களை அணு உலையில் இருந்து வரும் நியூட்ரான்களுக்கு முன்னால் வைத்தார்கள். நியூட்ரான் மோதிய இடமெல்லாம் அணுக்கள் சிதறிச் சின்னச் சின்னக் காயங்கள். அதே படிகம் திரவ நைட்ரஜன் குளிரிலேயே சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியரை நெருங்கி மின்சாரம் தாங்கியது. சதுர மில்லிமீட்டர் கணக்கில் இது 10,000 ஆம்பியர். நாங்கள் மோட்டார் சுற்றும்போது சதுர மில்லிமீட்டர் செம்புக்கு நாலு, ஐந்து ஆம்பியர் என்றுதான் கணக்குப் போடுவோம்.

1991-ல் இன்னொரு படி. ஐ.பி.எம்., ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்த சிவாலே முதலியோர் வெள்ளீய அயனிகளை 580 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேகத்தில் படிகத்துக்குள் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு அயனியும் ஆணி அடித்த துளை போல நேராக ஒரு தடம் விட்டுச் சென்றது. அகலம் சுமார் ஐந்து நானோமீட்டர். சுழியின் நடுப்பகுதியும் ஏறக்குறைய அதே கனம் அல்லவா! விளக்குச் சிமிழின் குழலில் திரி உட்காருவது போலச் சுழி முழு நீளத்துக்கும் அதில் உட்கார்ந்துகொண்டது. கூடுதல் காந்தப் புலத்திலும் அசையவில்லை. ஒரே குறை, காந்தப் புலம் தடத்தின் திசையிலேயே இருந்தால்தான் முழுப் பலன்.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பெருமை. டெல்லியில் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி, இன்று பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் என்று வழங்கும் நிலையத்தில் 1990 வாக்கில் இருந்து பெல்லட்ரான் என்ற பெரிய கோபுர இயந்திரம் ஓடுகிறது. இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களில் இருந்தும் மாணவர்கள் தாங்கள் செய்த மாதிரிகளைப் பொட்டலமாகக் கட்டி ரயிலேறிப் போய் அங்கே அயனி பாய்ச்சி வாங்கி வருவார்கள். இட்ரியம் பீங்கானில் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெள்ளி அயனிகளைப் பாய்ச்சிச் சோதித்தது அங்கேதான். கல்கத்தாவில் 1977 முதல் ஓடுகிற சைக்ளோட்ரானில் பிஸ்மத் வகைப் பீங்கான்களைப் புரோட்டானாலும் ஆல்ஃபா துகளாலும் அடித்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா துகள் என்பது என்ன தெரியுமா? ஹீலியம் அணுவின் உட்கருதான்! எந்த ஹீலியம் வேண்டாம் என்று இத்தனை பாடுபடுகிறார்களோ அதையே கல்லாக எடுத்து அடித்திருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் பாசிட்ரான் என்ற துகளை இந்தப் பீங்கான்களுக்குள் அனுப்பி, அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று அளந்து உள்ளே அணு விட்டுப் போன காலி இடங்களை ஆராய்ந்தார்கள். 1964-க்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிப் போன நம் சொந்தக்காரர்கள் கடை போட்ட சென்னை பர்மா பஜாரில் இருந்து கல்பாக்கம் இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. பொடியை அரைத்துச் சுட்டுச் செய்த வில்லைகளில் இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. வில்லை என்பது ஆயிரக்கணக்கான மணிகள் ஒட்டியது. மணிக்கும் மணிக்கும் நடுவே உள்ள ஒட்டுதான் பலவீனம். மின்சாரம் அங்கேயே தடுக்கி நிற்கும். அடித்தால் அந்த ஒட்டு மேலும் கெடவும் கூடும். இதற்கு வழி, உலோக நாடா ஒன்றின் மேல் எல்லா மணிகளும் ஒரே திசை பார்த்து நிற்கும்படி ஒன்றிரண்டு மைக்ரான் கனத்துக்குப் பீங்கானைப் படிய வைப்பது. மேலே வெள்ளியும் செம்பும் பூசுவார்கள். நாலு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த நாடா திரவ நைட்ரஜனில் 100 ஆம்பியருக்கு மேல் எடுத்துச் செல்லும். வளைக்கலாம், சுற்றலாம். என்றாவது ஒரு சுருள் கையில் கிடைத்தால் சுற்றிப் பார்க்க எனக்கு ஆசை.

இந்த நாடாவுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 2015-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தினர் கடையில் விற்கிற நாடாவின் மேல், வெள்ளிப் பூச்சோடு சேர்த்தே, ஆக்ஸிஜன் அயனிகளைப் பாய்ச்சினார்கள். 0.8 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. காந்தப் புலத்தில், நைட்ரஜனைவிடக் கூடுதல் குளிரில், மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. ஒரு விநாடி என்பது முக்கியம். ஒரு சுருளில் இருந்து இன்னொரு சுருளுக்கு நாடாவை ஓடவிட்டுக்கொண்டே அடிக்கலாம். புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தங்க அயனிகளைக் கொண்டு அப்படி ஓடவிட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த நாடா கதிரியக்கம் உள்ளதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான பயம். நியூட்ரானில் வைத்தால் பூசிய வெள்ளியே கதிரியக்கமாகி அது அடங்கப் பல மாதங்கள் ஆகும். அதனால்தான் விற்பனைச் சரக்குக்கு அணு உலையை நம்பாமல், வேகம் குறைந்த அயனிகளை நாடுகிறார்கள். அவற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடியும் அளவோடுதான் இருக்க வேண்டும். அளவு மீறினால் படிகத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் இடம் மாறி, மீக்கடத்தும் குணமே மங்கும். இன்னும் கூடுதல் குளிர் கேட்கும். முதலில் ஏறும், ஓர் உச்சி வரும், பிறகு இறங்கும். இது இன்றைக்குப் பெரிய கவலையாகியிருக்கிறது. சூரியனில் நடப்பது போன்ற அணுச் சேர்க்கையைப் பூமியில் நடத்த இந்த நாடாவால் காந்தம் செய்கிறார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அப்படி ஒரு பெரிய காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. அந்த உலை ஓடும்போது நியூட்ரான்கள் நாடாவை அடித்துக்கொண்டே இருக்கும். நாம் எப்போது போதும் என்கிறோமோ அப்போது நிற்காது. எத்தனை காலம் தாங்கும் என்று வியன்னாவில் ஒரு சிறிய அணு உலையில் நாடாக்களை வைத்துச் சோதிக்கிறார்கள். கெட்ட நாடாவைச் சூடுபடுத்தினால் ஓரளவு தேறுகிறதாம், நம் செப்புக் கம்பி போலவே.

தொழிற்சாலைக்காரன் என்ற முறையில் என் அபிப்பிராயம் ஒன்று. முடுக்கி இயந்திரம் வாங்கி வைத்து நாடாவை அடிப்பது செலவு பிடித்த வழி. 2004-ல் வேறொரு வழி தெரிந்தது. நாடாவில் பீங்கானைப் படிய வைக்கும்போதே பேரியம் சிர்க்கோனேட் என்ற பொருளைக் கொஞ்சம் கலந்தால், அதுவே தானாகக் குட்டிக் கம்பங்களாக எழுந்து நின்று கழி வேலையைப் பார்க்கிறது. நாடா செய்கிற பல கம்பெனிகள் இந்த வழிக்குப் போய்விட்டன. நான் முதலாளியாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் எவ்வளவு கனத்தில், எவ்வளவு நெருக்கத்தில் கழி வேண்டும் என்று முதலில் காட்டிக் கொடுத்தது கதிர்வீச்சுச் சோதனைதான். அதை மறக்கக் கூடாது.

இதனால் நம் மின்வெட்டு தீருமா என்று கேட்டால், தீராது. ஜெர்மனியின் எஸன் நகரில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மீக்கடத்திக் கேபிள் போட்டு ஓட்டினார்கள். கூட்டமான நகரத்துக்கு நல்ல சாமான். ஆனால் நமக்குக் குறைவது கேபிள் அல்ல, அதில் ஓட வேண்டிய மின்சாரம். ஸ்கேன் மெஷினைப் பொறுத்த மட்டில் விஷயம் வேறு. ஏழு லிட்டர் ஹீலியத்தைச் சீல் வைத்து அடைத்து, பழைய வகைக் கம்பியிலேயே ஓடும் மெஷின் 2018-ல் வந்துவிட்டது. வழக்கமான மெஷினுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். புதிய நாடாவில் ஹீலியமே இல்லாமல் ஓடும் ஸ்கேன் காந்தங்களை ஜப்பான் முதலிய நாடுகளில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாடாவின் விலை இறங்க வேண்டும். ஒரே நாடா இரண்டு மடங்கு மின்சாரம் தாங்கினால் பாதி நாடா போதும் அல்லவா? அந்த ஆர்கான் ஒரு விநாடி எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால் இதனால்தான்.

அம்மாவுக்கு ஐந்து வாரம் கழித்து வேறொரு இடத்தில் படம் எடுத்தோம். எக்ஸ்ரே மாதிரி கதிர் எதுவும் இதில் இல்லை, காந்தமும் ரேடியோ அலையும்தான் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை. மூக்குத்தியில்தான் தகராறு வந்தது. உள்ளே போகுமுன் உடம்பில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்கு முன் குத்தியது, அதற்குப் பிறகு ஒரு நாளும் கழற்றியதில்லை. திருகு இறுகிப்போயிருந்தது. சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, நர்ஸ் பெண்ணும் நானுமாக அரை மணி நேரம் போராடினோம். கடைசியில் என் சட்டைப் பையில் இருந்த வைண்டிங் குறடுதான் உதவிற்று. "கம்பி சுத்துற புள்ளையப் பெத்தது இதுக்காவது ஆச்சு" என்றார் அம்மா.